டோலிக்குப் பக்கத்தில் நடக்க ஒருத்தி

கல்யாணமான முதல் ஆடியில் பெண் புருஷன் வீட்டில் இருக்கக் கூடாது. ஆடியில் கரு தங்கினால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், அது குடும்பத்துக்கு ஆகாது என்று பெரியவர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அதனால் ஆடி பிறப்பதற்கு முன்பே பெண்ணைப் பெற்றவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து அழைத்துப் போய்விடுவார்கள். ஆவணி பிறந்த பிறகுதான் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். எங்கள் தொழிலுக்கோ ஆடியை விட்டால் வேறு மாதமே கிடையாது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் புத்தி எங்கள் வீட்டில் இரண்டே பேருக்குத்தான் இருந்தது. அந்த இரண்டு பேருக்கும் வாய் இல்லை. ஒன்று நான், இன்னொன்று என் வீட்டுக்காரர்.

கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் காடு. சோளமும் நிலக்கடலையும் போடுவோம். கிணற்றில் தண்ணீர் இருந்த வருஷம் கொஞ்சம் நெல். என் வீட்டுக்காரர் இளைய மகன். மூத்தவர் பண்ணையம் பார்க்க, இவர் சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தார். சொன்ன வேலையைச் செய்வதற்கென்று சிலர் பிறந்திருப்பார்கள். இவர் அப்படிப் பிறக்கவில்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். சேந்தமங்கலம் சந்தையில் பட்டாளத்துக்கு ஆள் எடுப்பவர்கள் வந்து நின்று சம்பளம், சாப்பாடு, துணிமணி என்று ஆசை காட்டுவார்கள். இவருடைய கூட்டாளிகளில் சிலர் அப்படியே போய்விட்டார்கள். கல்யாணத்துக்கு முன்பே இவரும் வீட்டில் சொல்லிவிட்டார்: சொந்தமாக ஒரு பிழைப்பு இருந்தால் ஊரில் இருக்கிறேன், இல்லாவிட்டால் பட்டாளம்தான் என்று. போகாமல் நிறுத்தத்தான் அவசரமாக என்னைக் கட்டி வைத்தார்கள் என்று பிறகு தெரிந்தது. வைகாசியில் கல்யாணம்.

கட்டி வைத்தால் மட்டும் நின்றுவிடுவாரா? அவர் மனதில் ஏற்கனவே ஒரு பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது மலைக்கு ரோடு கிடையாது. சேந்தமங்கலம் வரைக்கும் கரி போட்டு ஓட்டுகிற பஸ் வரும். மேடு கண்டால் ஆட்களை இறக்கித் தள்ளச் சொல்லும். அங்கிருந்து மாட்டு வண்டி. காரவள்ளியில் இறங்கினால் மிச்சமெல்லாம் அவரவர் காலைப் பொறுத்தது. மலை உச்சியில் சிவன் கோயில், அதற்குக் கீழே பள்ளத்தில் ஆகாய கங்கை அருவி. ஆடிப் பதினெட்டுக்கு மலைக்காரர்கள் எல்லாரும் அங்கே கூடுவார்கள். டவுனிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் பாதி மலையில் பாறைமேல் உட்கார்ந்துவிடுவார்கள். கால் வீங்கியவர்கள், மூச்சு வாங்குகிற பெரியவர்கள், அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நிற்கும் பெண்கள். இங்கேயே கும்பிட்டுக் கொள்ளலாம், சாமிக்குத் தெரியாதா என்று சொல்லி இறங்கிவிடுவார்கள். மிளகும் பலாப்பழமும் வாங்க மலைக்குப் போய் வரும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் இதைப் பார்த்திருக்கிறார். எல்லாரும்தான் பார்த்தார்கள். இவருக்கு மட்டும் அதில் ஒரு தொழில் தெரிந்தது.

கல்யாணமான ஒரு வாரத்தில் என்னிடம் சொன்னார். எனக்கு நகை பற்றிச் சொல்லுவார், சினிமா பற்றிச் சொல்லுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் டோலியைப் பற்றிச் சொன்னார்.

"பஸ்ஸை உட்டு எறங்குனதும் நம்ம வண்டி நிக்கோணும் புள்ள. நம்ம காட்டோரம் ஒரு கொட்டாய். கஞ்சி, மோரு, கால் நீட்ட எடம். ஏற முடியாதவிங்களுக்கு டோலி. மேல சோளக்காடுங்கற ஊருல ஒரு குடிசை, புதுப் பாய், வெந்நி. மக்யா நாள் கோயிலு, அருவி. திருப்பிக் கொண்டாந்து பஸ்ஸுல ஏத்தி உடற வரைக்கும் நம்ம பொறுப்பு. எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே கூலி. ஆளைப் பார்த்து ஏத்தறது எறக்கறது கெடையாது."

"சோறு ஆக்கறது ஆருங்க?" என்று கேட்டேன்.

"நீதான்," என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு அந்தத் தொழில் பிடித்தது.

மாமனார் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. சாமி பார்க்க வருகிறவனிடம் கூலி வாங்கிக்கொண்டு தூக்கிப் போவதா என்று முதலில் கேட்டார். கடைசியில் பட்டாளத்தை நினைத்து இறங்கி வந்தார். "இந்த ஒரு ஆடி பாரு. நின்னுச்சுன்னா அந்தத் தடத்தோரக் காட்டை உன் பேருக்கு ஒதுக்கி உட்டர்றேன். நிக்கலீன்னா அப்பறம் உன் இஷ்டம், நான் தடுக்க மாட்டேன்" என்றார். அப்படித்தான் எங்கள் வாழ்க்கை ஒரு ஆடி மாதத்தின் மேல் போய் உட்கார்ந்தது. ஆடியில் எதையும் புதிதாகத் தொடங்கக் கூடாது என்பதால் ஆனியிலேயே கொட்டாய் போட்டு, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டிவிட்டோம். ஆடித் தொழிலை ஆனியில் தொடங்கலாம் என்று யோசித்தவர்களுக்கு ஆடி மருமகளைப் பற்றி மட்டும் யோசனை வரவில்லை.

டோலிக்கு ஆள் வேண்டும். அதற்கு மலையிலிருந்து ஒருவர் கூட்டுச் சேர்ந்தார். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; இவர் பெரக்கரை நாட்டைச் சேர்ந்தவர், சாமையும் மிளகும் விளைவிக்கிற குடியானவர், என் வீட்டுக்காரரைவிட நாலைந்து வயது மூத்தவர். எங்கள் வீட்டுக்கு மிளகு கொண்டுவந்து பழக்கம். அதிகம் பேச மாட்டார், பேசினால் மாற மாட்டார். அவர் எடுத்துக்கொண்ட பொறுப்புதான் பெரிது. ஆடிப் பதினெட்டு அவர்கள் சாமிக்கு உகந்த நாள். அன்றைக்குக் கோயிலில் இல்லாமல் டோலி தூக்குவதா என்று நாட்டுக்காரர்கள் முறுக்கிக்கொண்டார்கள். இவர் ஒவ்வொரு வீடாகப் போய், முந்தின நாள் தூக்கிக்கொண்டு ஏறினால் பதினெட்டாம் நாள் எல்லாரும் கோயிலில்தானே இருப்போம், சாமி பார்க்க முடியாதவர்களைச் சாமியிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் நல்லதுதானே என்று சொல்லி இணங்க வைத்தார். நான் சொல்கிறேன், வாருங்கள் என்று அவர் சொன்னதற்காக வந்தவர்கள் அவர்கள்.

ஆனிக் கடைசியில் ஒரு வெள்ளோட்டம் பார்த்தோம். நாமக்கல்லில் தாலுகா கச்சேரிக் குமாஸ்தா ஒருவர், என் வீட்டுக்காரரிடம் வாடிக்கையாகப் பலாப்பழம் வாங்குகிறவர். அவரும் அவர் மனைவியும் அம்மாவும் வந்தார்கள். அம்மாவுக்குக் கனத்த உடம்பு. செத்துப் போவதற்குள் அந்த மலைச் சாமியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று வேண்டுதல்.

கொட்டாயில் மோர் குடித்துவிட்டுத் தெம்பாக எழுந்தவர், டோலியைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். பழைய சேலையை மூங்கிலில் தூளிபோலக் கட்டி, முன்னும் பின்னும் ஆட்கள் தோள் கொடுத்து நின்றார்கள். "நாலு ஆம்பளைங்க தூக்கிக்கிட்டுப் போறதுக்கு நான் என்ன பொணமா?" என்று கேட்டார். மகன் கெஞ்சினார். மருமகள் கெஞ்சவில்லை, அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் அதே பயம்தான். முன்பின் தெரியாத ஆண்கள், முன்பின் தெரியாத காடு. என் வீட்டுக்காரர் டோலி எவ்வளவு கெட்டி என்று விளக்கிக்கொண்டிருந்தார். மூங்கிலைத் தட்டிக் காட்டினார், முடிச்சை இழுத்துக் காட்டினார். அந்த அம்மாள் மூங்கிலைப் பற்றியா கேட்டார்?

நான் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். "நானும் கூட வாரேனுங்க. உங்க கையைப் புடிச்சுக்கிட்டே வாரேன்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. மலை மேலே எனக்கும் போய்ப் பார்க்க ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

போகிற வழியெல்லாம் அவர் என் கையை விடவில்லை. செங்குத்தான இடம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு கேள்வி கேட்பார். உனக்கு எத்தனை பவுன் போட்டார்கள், மாமியார் எப்படி, உன் புருஷன் முன்கோபியா. பின்னால் நடந்து வருகிறவர் காதில் விழட்டும் என்று நான் சத்தமாகவே பதில் சொன்னேன். தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். சோளக்காட்டுக் குடிசையில் பெண்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் படுத்துக்கொண்டேன். மறுநாள் கோயிலில் அவர் அழுதார். அருவிக்கு இறங்குகிற வழியில் வேரைப் பிடித்து இறங்கக் கற்றுக்கொடுத்தேன். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். அவர்கள் குளிக்கும்போது சேலையை விரித்துப் பிடித்து மறைப்புக் கட்டி நின்றேன். பலாச்சுளையைத் தேனில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, மாமியாரும் மருமகளும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்தார்கள். வீட்டில் அப்படிச் சிரித்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

பஸ் ஏறும்போது அந்த அம்மாள் என் கன்னத்தைத் தொட்டு, "ஆடிப் பதினெட்டுக்கு எங்க தெருப் பொம்பளைங்களையெல்லாம் கூட்டிக்கிட்டு வர்றேன். நீ கூட நடப்பேல்ல?" என்றார்.

"நடக்காம என்னுங்க," என்றேன்.

என் வீட்டுக்காரர் அன்றைக்கு வண்டியில் திரும்பி வரும்போது பாட்டே பாடினார். நாங்கள் விற்கிறது என்ன என்று எங்கள் இரண்டு பேருக்கும் அன்று விளங்கிப் போயிற்று. கொட்டாய் இல்லை, டோலி இல்லை, வெந்நீர் இல்லை. பக்கத்தில் ஒரு பெண் நடக்கிறாள், அதைத்தான் வாங்கினார்கள். பிற்காலத்தில் கடை வைத்தவர்கள், லாட்ஜ் வைத்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். தன்னிடம் வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள் என்று தெரியாமலே காலத்தை ஓட்டியவர்கள் அதில் அதிகம். எங்களுக்கு முதல் நடையிலேயே தெரிந்தது. தெரிந்தும் கோட்டை விட்டோம்.

அடுத்த வாரம் என் அய்யனிடமிருந்து ஆள் வந்தது. ஆடி பிறக்கப் போகிறது, பெண்ணை அழைத்துப் போக வண்டி வரும் என்று.

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். மாமனார் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ஆக்கறதுக்கு ஒரு ஆளை வெச்சாப் போச்சு. அம்மிணி போயிட்டு வரட்டும்" என்றார். சேந்தமங்கலத்தில் கல்யாணங்களுக்குச் சமைக்கிற ஒருவரைப் பேசி முடித்துவிட்டார்கள். வீட்டில் எல்லாருக்கும் நான் சோறு ஆக்குகிறவள். மாமியாருக்கு முழங்கால் வலி, அவர் நடக்க முடியாது. மலைக்காரப் பெண்கள் அன்றைக்குப் பொங்கலும் பூஜையுமாகத் தங்கள் கோயிலில் இருப்பார்கள். நான் நடந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இவள் தொழிலுக்கு வேண்டும், இந்த ஒரு ஆடி இருக்கட்டும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இப்போது கேட்கிறவர்களுக்கு இது சுலபமாகத் தெரியும். அந்த ஊரில் அன்றைக்கு அதைச் சொல்லிவிட்டு ஒரு ஆண் வெளியில் நடமாட முடியாது. கல்யாணமான புதிதில் ஒருநாள் மறந்துபோன கயிற்றை எடுக்க அவர் காட்டிலிருந்து வெயிலில் வீட்டுக்கு வந்துவிட்டார். கூட இருந்தவர்கள் நாள்கணக்கில் விடவில்லை. "என்னப்பா, கவுறு கெடைச்சுதா?" எதிரில் வருகிறவன் எல்லாம் கேட்பான். சந்தையில் கேட்பான், கோயிலில் கேட்பான். கயிற்றுக்கே அந்தப் பாடு என்றால், ஆடியில் பெண்டாட்டியை அனுப்ப மாட்டேன் என்றால் என்ன பாடு? டோலி, அருவி, டவுன் பெண்கள் என்று என்ன காரணம் சொன்னாலும் அவர்கள் காதில் ஒரே ஒரு காரணம்தான் விழும். நான் சொன்னாலோ இன்னும் மோசம். கிணற்றடியில் என்னை உரித்து வைத்துவிடுவார்கள்.

அய்யன் அனுப்பிய வண்டியில் அண்ணன் வந்தான். என் வீட்டுக்காரர் என் துணி மூட்டையை எடுத்து வண்டியில் வைத்தார். வண்டியில் பரப்பிய வைக்கோலைச் சரி செய்தார். சரியாகத்தான் இருந்தது, மறுபடியும் சரி செய்தார்.

"ஏதாச்சும் மறந்துட்டயா?" என்று கேட்டார்.

"இல்லீங்க," என்றேன்.

அண்ணன் மாட்டை ஓட்டினான். வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அண்ணா, வண்டியை நிறுத்து, நான் வரவில்லை என்று கத்தியிருக்க வேண்டும். சிரித்தால் சிரிக்கட்டும். சிரிப்பால் யார் செத்தார்கள்? இதெல்லாம் பல் போன பிறகு வருகிற வீரம்.

என் பிறந்த வீடு மோகனூர்ப் பக்கம், காவிரிக்கரை. போய்ச் சேர்ந்த பிறகு நான் ஒன்றும் அழுதுகொண்டே இருக்கவில்லை. தலை ஆடிக்கு வந்த பெண்ணுக்கு நடக்கிற உபசாரம் எல்லாம் நடந்தது. புதுச் சேலை, மருதாணி, தேங்காய்ப் பால், வேலை செய்யாதே என்கிற அம்மா. ஒருநாள் மட்டும் அம்மாவிடம் மெல்ல எடுத்தேன். பதினெட்டுக்கு மலைக்கு வருகிறேன் என்று ஒரு அம்மாளிடம் சொல்லியிருக்கிறேன், போய்விட்டு வந்துவிடட்டுமா என்று. அம்மா உரலில் மாவு இடித்துக்கொண்டிருந்தவள் உலக்கையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "ஏன் கண்ணு, கல்யாணமாயி ரெண்டு மாசந்தானே ஆச்சு, அதுக்குள்ள இருக்க முடியலியா?" அடுத்த வீட்டுக்காரிக்கும் அது கேட்டது. அவளும் சிரித்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டேன். பதினெட்டு அன்றைக்குப் பெண்களோடு காவிரியில் குளித்துப் பூவும் காதோலையும் விட்டேன். வடக்கே மலைப்பக்கம் மேகம் கட்டியிருந்தது. டோலி தூக்குகிறவர்களுக்கு வழுக்காமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டேன். யாரையும் தூக்கவே இல்லை என்று எனக்குத் தெரியாது.

நடந்ததை எனக்குச் சொன்னவர் எங்களோடு கூட்டுச் சேர்ந்த மலைக்காரர்தான். அடுத்த வருஷம் மிளகு கொண்டுவந்தபோது சொன்னார். பதினெட்டுக்கு முந்தின நாள் காலையில் வண்டி வண்டியாக டவுன் பெண்கள் வந்து இறங்கினார்களாம். அந்த அம்மாள் சொன்னபடியே தெருவையே கூட்டி வந்துவிட்டார். டோலிகள் வரிசையாக நின்றன. தூக்குகிறவர்கள் குளித்துத் திருநீறு பூசி நின்றார்கள். சமையற்காரரின் பருப்பு வாசம் தடம் வரைக்கும் வந்தது. அந்த அம்மாள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு எங்கே?" என்று கேட்டிருக்கிறார்.

"அவ பொறந்த ஊட்டுக்குப் போயிருக்கறாளுங்க," என்றிருக்கிறார் என் வீட்டுக்காரர்.

பெண்களுக்கு உடனே விளங்கிவிட்டது. ஆடி அல்லவா! எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சிரித்தார்களே தவிர ஒருத்தியும் டோலியில் ஏறவில்லை. என் வீட்டுக்காரர் கெஞ்சினாராம். முடிச்சை இழுத்துக் காட்டினாராம். "தப்பா நெனைக்காதேப்பா. அந்தப் பொண்ணு இருந்தா வந்திருப்போம்" என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். கொட்டாயில் சாப்பிட்டார்கள். பக்கத்து ஓடையில் கால் நனைத்தார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

இந்தப் பேச்சும் கெஞ்சலுமாகப் பொழுது போய்விட்டது. மழையும் பிடித்துக்கொண்டது. ஓடையில் வெள்ளம் வந்து தடம் அடைபட்டது. மறுநாள் வெள்ளம் வடிந்து தூக்குகிறவர்கள் மலை ஏறிப் போய்ச் சேர்வதற்குள் கோயிலில் எல்லாம் முடிந்திருந்தது. பிறந்ததிலிருந்து பதினெட்டாம் நாள் பூஜையைத் தவற விடாதவர்கள், காரவள்ளிக் கொட்டாயில் யாரும் ஏறாத டோலிகளோடு நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். மலைக்காரர் சத்தம் போடவில்லை. மூங்கிலிலிருந்து சேலைகளை அவிழ்த்து மடித்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். "உங்க மேல கோவமில்லை சாமி. ஆனா இனி எங்க நாட்டுல டோலின்னு நான் வாயைத் தொறக்க முடியாது" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

மாமனார்கூட அதற்குப் பிறகு மனம் இளகிவிட்டார். ஒரு தடவை தவறினால் என்ன, அடுத்த ஆடி பார்க்கலாம் என்று அவரே சொன்னாராம். ஆனால் ஊர் விடவில்லை. எந்தக் கேலிக்குப் பயந்து என்னை அனுப்பினாரோ, அதே கேலி அவரைத் தேடி வந்துவிட்டது. "பொண்டாட்டி இல்லாம ஒரு டோலியும் நவுரலியாமே!" என்று டீக்கடையில் கேட்டார்கள், களத்தில் கேட்டார்கள். அவருடைய அண்ணன்காரரும் சாப்பாட்டில் உட்காரும்போது கேட்டார். ஒரு வாரம் பொறுத்தார். பிறகு ஒருநாள் காலையில் துணியை மூட்டை கட்டினார்.

அவர் திரும்பி வந்தார், அதைச் சொல்லிவிடுகிறேன். யுத்தம் முடிந்த பிறகு, பர்மாப் பக்கத்துக் காய்ச்சலை உடம்பில் வைத்துக்கொண்டு, பாதி ஆளாக வந்தார். கோயமுத்தூரில் மில் வாசலில் வாட்ச்மேன் வேலை பார்த்தார். பிள்ளைகள் பிறந்தார்கள். ஒருத்தி சித்திரையில்தான் பிறந்தாள், குடும்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னிடம் ஒருநாளும் கடுமையாகப் பேசியதில்லை. அதிகம் பேசியதே இல்லை. பாட்டுப் பாடி நான் கேட்கவே இல்லை. கொல்லிமலைக்கு ரோடு போட்டு பஸ் விட்ட பிறகு, பிள்ளைகள் போகலாம் என்று கூப்பிட்டபோது, எனக்கு முடியாது, நீங்கள் போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டார். நானும் போகவில்லை. மலையில் அவருக்கு இருந்த அந்த ஆசை, அந்த வேகம், ஆளைப் பார்த்து ஏற்றி இறக்குவது கிடையாது என்று சொன்னபோது இருந்த அந்தக் குரல், அது எதுவும் பட்டாளத்திலிருந்து திரும்பவில்லை. எனக்கு வாய்த்திருந்த மனிதரோடு நான் இருந்தது வைகாசியும் ஆனியும்தான்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

ஆவணி முதல் தேதி. அண்ணன் என்னை வண்டியில் திரும்பக் கொண்டுவருகிறான். மடியில் புதுச் சேலை, கூடையில் பலகாரம். பதினெட்டு நன்றாக நடந்திருக்கும், தடத்தோரக் காடு எங்களுக்கு வந்துவிட்டது, அடுத்த ஆடிக்கு நான் பழைய பெண், யாரும் அழைத்துப் போக மாட்டார்கள், நானே நடப்பேன் என்று மனதுக்குள் கோட்டை கட்டிக்கொண்டு வருகிறேன். அண்ணன் பாதி வழியில் தானாகச் சிரித்தான். என்ன என்று கேட்டேன்.

"உங்கூட்டுக்காரரை நெனைச்சேன். போன வாரம் எங்கூருக்கு வந்திருந்தாரு தெரியுமா?"

"எப்ப? ஊட்டுக்கு வரலியே?"

"எங்க வர உட்டோம்? நானும் பசங்களும் வாய்க்கா பாலத்துல உக்காந்திருந்தோம். மெல்ல வந்து நிக்கறாரு. கையில துணி மூட்டை வேற! தங்கிப் போறதுக்கே வந்துட்டாராட்டம். 'என்னுங்க மாப்ளே, ஆடி முடிய நாளு கெடக்குதே, பொறுக்க முடியலீங்களா?'ன்னேன். பசங்க உழுந்து உழுந்து சிரிச்சானுங்க. மனுசன் மூஞ்சி செவந்து போச்சு. அவரும் சிரிச்சாரு. எருது பாக்க வந்தேன், இந்த வழியாப் போறேன்னு சொல்லிட்டுக் கரூர் ரோட்டைப் பாத்து நடந்துட்டாரு."

நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். எனக்கு எவ்வளவு சந்தோஷம்! ஆடி முடிவதற்குள் என்னைப் பார்க்க அவ்வளவு தூரம் வந்திருக்கிறார், அதுவும் மூட்டையோடு. மறுபடியும் சொல்லு, மறுபடியும் சொல்லு என்று அண்ணனைக் கேட்டேன். அவனும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிச் சொன்னான். மாடுகளின் மணிச் சத்தமும் எங்கள் சிரிப்புமாக வண்டி எங்கள் வாசலுக்கு வந்து நின்றது.

சத்தம் கேட்டு மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். கண் வீங்கியிருந்தது. என் கையைப் பிடித்து, "ஏன் அம்மிணி, நீயாச்சும் தடுத்திருக்கக் கூடாதா?" என்றார்.

"எதையுங்க அத்தை?"

"பட்டாளத்துக்குப் போறதைத்தான். அம்மிணிகிட்ட ஒரு வார்த்தை கேக்கறேன், அவ இருன்னாத் திரும்பி வந்தர்றேன்னு சொல்லிட்டுத்தானே மோகனூரு வழியாப் போனான்?"

அண்ணன் நுகத்திலிருந்து மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தவன், அவிழ்த்த கயிற்றைக் கையில் பிடித்தபடியே நின்றான். நான் இன்னும் வண்டியிலிருந்து இறங்கவில்லை. அப்போதும் என் முகத்தில் சிரிப்பு மிச்சம் இருந்தது என்று மாமியார் ரொம்ப நாள் கழித்து என்னிடம் சொன்னார்.